வீடு தப்பு

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினேழு வருடமாக அதுதான் அவளுக்குத் தொழில். பழகுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் கூடுதல் பிரேக்கின் மேல் ஒரு காலை லேசாக வைத்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். "மெதுவா. இன்னும் மெதுவா. அந்த சைக்கிள்காரர் உங்களை நம்பித்தான் போறார்." அந்தக் கூடுதல் பிரேக்கை அவள் மிதித்தது குறைவு. பெரும்பாலும் குரலாலேயே வண்டியை நிறுத்திவிடுவாள்.

போன வருடம் அந்தக் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்துக் குரல்வளையில் கட்டி என்று தெரிந்தது. கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், உயிருக்கு அதுதான் நல்லது என்றார் டாக்டர். மூன்று வாரம் தள்ளி ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள்.

அந்த மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருந்தார். அவர்தான் எங்களை உட்கார வைத்து ஒரு வழி சொன்னார். குரல் போவதற்கு முன்பே அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிறகு அக்கா போனில் எதை எழுதினாலும் அது அவள் குரலிலேயே பேசும்படி செய்யலாம்.

"எவ்வளவு பேசணும்?" என்று கேட்டாள் அக்கா.

"ஆயிரம் வாக்கியமாவது வேணும். மூணு வாரத்துல கொஞ்சம் கஷ்டம்தான்."

"ஆயிரமா? வண்டியில ஒரு நாளைக்கு நான் பேசுறதே அதுக்கு மேல இருக்குமே."

"அது உண்மைதான் மேடம்" என்றார் அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா. அன்றைக்கு அந்த அறையில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

என் பழைய லேப்டாப்பை அக்காவுக்குக் கொடுத்தேன். எதிரொலி வரக் கூடாது என்பதற்காகப் படுக்கையறைத் துணி அலமாரியின் கதவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்குள் தலையை விட்டபடி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேசினாள். காலையில்தான் கரகரப்பு குறைவாக இருக்கும். அதனால் ஆறிலிருந்து ஒன்பது வரை வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. அவளுடைய இரண்டு பெண்களும் பள்ளிக்குப் புறப்படும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த்தான் மாட்டினார்கள். பயிற்சியாளர் கொடுத்த வாக்கியங்களை முதலில் படித்தாள். பிறகு தன் சொந்த வாக்கியங்களுக்கு வந்தாள்.

பேர் வைத்ததெல்லாம் அவள்தான். 'வீடு' என்று ஒரு ஃபோல்டர், 'வண்டி' என்று ஒன்று, 'பிள்ளைங்க', 'போன்', 'கோபம்'. மொத்தம் ஐந்து. "தடுமாறினது, இருமினது எல்லாத்தையும் தனியா போட்டு வை, நான் அப்புறம் அழிச்சிடறேன்" என்று நான் சொல்லியிருந்தேன். அவளும் சொன்னபடி செய்தாள். 'வீடு' பக்கத்திலேயே 'வீடு தப்பு', 'வண்டி' பக்கத்திலேயே 'வண்டி தப்பு' என்று இன்னும் ஐந்து. நல்லதில் ஆயிரத்து முந்நூறு பதிவுகள், தப்பில் நானூறுக்குக் கொஞ்சம் மேல்.

நான் வேலை பார்ப்பது நில அளவைப் படங்களை ஸ்கேன் செய்து சேமித்து வைக்கும் ஓர் அலுவலகத்தில். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் செய்ய வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால், ஆயிரம் ஃபைலானாலும் அது ஒரே மூச்சில் நகர்த்தும், பேர் மாற்றும், அழிக்கும். அந்த வரிசைக்குப் பேர் ஸ்கிரிப்ட். அதை எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆகவே அக்காவின் ஃபைல்களைச் சுத்தம் செய்வது எனக்கு ஒரு வேலையே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். மாமா அக்காவின் அறையில் இருந்தார். நான் வெளியே நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மூன்று வரி எழுதினேன். 'தப்பு' என்று முடியும் ஒவ்வொரு ஃபோல்டரையும் எடு. அதை அழி. என்னைக் கேள்வி கேட்காதே. சுத்தம் செய்துவிட்டு ஒரே தடவையாக நகல் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

ஓட விட்டேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்தது. என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தேன்.

வீடு தப்பு. வண்டி தப்பு. பிள்ளைங்க தப்பு. போன் தப்பு. கோபம் தப்பு.

அவ்வளவுதான் இருந்தது. மறுபடி பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் அதே ஐந்துதான்.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் திரைக்கு இடைவெளி என்றால் ஒரு பேர் முடிந்து அடுத்த பேர் தொடங்குகிறது என்று அர்த்தம். 'வீடு தப்பு' என்பதை அது ஒரு ஃபோல்டராகப் பார்க்கவில்லை. 'வீடு' என்று ஒன்று, 'தப்பு' என்று ஒன்று என எடுத்துக்கொண்டது. 'வீடு' இருந்தது, அழித்துவிட்டது. 'தப்பு' என்று தனியாக எதுவும் இல்லை. கேள்வி கேட்காதே என்று நானே வாயை அடைத்திருந்ததால், இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. இப்படியே ஐந்து தடவை. நல்லதையெல்லாம் துடைத்துவிட்டுத் தப்பையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தது. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டிருந்தால், இரண்டு சொல்லும் ஒரே பேராகச் சேர்ந்து நின்றிருக்கும். எதுவும் ஆகியிருக்காது.

அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா கழுத்தில் கட்டோடு படுத்திருந்தாள். இன்னொரு தடவை பேசு என்று அவளிடம் இனி யாரும் கேட்க முடியாது. எதிரில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு சுளையை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை 'மேற்கோள்' என்போம். யார் ஸ்கிரிப்ட் எழுதினாலும் அவர் படித்துப் பார்த்த பிறகுதான் ஓட விடலாம் என்பது அலுவலக விதி. அவர் அதைத் தாளில் அச்செடுத்து, மேற்கோள் குறி விட்டுப்போன இடத்தையெல்லாம் பச்சை மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். என் தாள் மட்டும் பச்சை அம்மை போட்டதுபோல வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவரிடமே போய்க் கேட்டேன்.

"சார், நம்ம ஃபைலுக்கு நாமதானே பேர் வைக்கிறோம்? நான் பேர்ல இடைவெளியே விட மாட்டேன். எதுக்கு இத்தனை வட்டம்?"

"நீங்க விட மாட்டீங்க மேடம். ஆனா உலகத்துல பேர் வைக்கிறவங்க எல்லாரும் நீங்க இல்லையே."

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவரிடம் வணக்கத்தைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் தேடிப் பிடித்தது அவருடைய நம்பரைத்தான். எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

"சார், எங்க அக்கா குரலை நான் அழிச்சிட்டேன்."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. "லேப்டாப் இப்ப ஓடிட்டு இருக்கா?"

"ஓடுது சார்."

"பேட்டரியைக் கழட்ட முடியுமா?"

"முடியும். பழைய மாடல்."

"கழட்டிடுங்க. எதையும் மூட வேண்டாம், சேவ் பண்ண வேண்டாம். இருக்கிறபடியே கழட்டுங்க." கழற்றினேன். திரை அணைந்தது. "உள்ள இருக்கிறது பழைய மாதிரி சுத்துற டிஸ்க்தானே?"

"ஆமா சார்."

அவர் மூச்சு விடுவது போனில் கேட்டது. "நல்லவேளை. அப்ப பேர்தான் போயிருக்கும் மேடம். உள்ள இருந்தது அங்கேயேதான் கிடக்கும், அதுக்கு மேல வேற எதையும் எழுதாத வரைக்கும். நான் வர்றேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி?"

இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரத்தில் வந்தார். தோளில் ஒரு பை, அதற்குள் இன்னொரு டிஸ்க், ஒயர்கள். அந்த மூன்று வரியையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்தார். பச்சை வட்டம் எங்கே விழும் என்று இருவருக்கும் தெரிந்தது. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டார். பிற்பாடு அவர் எங்களுக்காகச் செய்தது எவ்வளவோ இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு அவர் சொல்லாமல் விட்ட அந்த வார்த்தைக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

அக்காவிடம் சொல்ல வேண்டாம், எல்லாம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாமா. எனக்கு மனசு ஒப்பவில்லை. நான்காம் நாள் அவள் தலையணையில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடைவெளி, மேற்கோள் குறி, மூன்று வரி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் இருந்த நோட்டை எடுத்து மெதுவாக எழுதினாள்.

'கண்ணாடி பாக்காம ரிவர்ஸ் எடுத்தியா?'

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் இன்னொரு வரி எழுதினாள்.

'யாருக்கும் அடி இல்லையே. விடு.'

கழுத்துக் கட்டு அசையாமல் தோள் மட்டும் குலுங்கியது. சத்தம் இல்லாமல் அக்கா சிரித்து அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன்.

மேற்கோள் சார் டிஸ்கை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். முதலில் அதை அப்படியே இன்னொன்றில் நகல் எடுத்தார். நகலில்தான் தோண்டினார். அலுவலகம் முடிந்து ஐந்தரைக்கு வீடு போய் எட்டு மணி வரை அதே வேலை. ஒன்பதாம் நாள் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எண்ணூத்தி எழுபத்தி ரெண்டு நல்லபடியா வந்திருக்கு. மிச்சத்துல பாதி சிதைஞ்சு போச்சு, பாதி கிடைக்கல. இன்னொண்ணு, இதுல எதுக்குமே பேர் கிடையாது. வெறும் நம்பர்தான்."

ஆயிரம் வேண்டும் என்று சொன்ன பேச்சுப் பயிற்சியாளரிடம் போய் நின்றோம். நானூறு தப்பு மட்டும் முழுசாக இருக்கிறது என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்.

"தப்புன்னா என்ன தப்பு?" என்று கேட்டார் அவர்.

"தாள்ல இருக்கிறதை அப்படியே படிக்காம மாத்திப் பேசினது, நடுவுல வேற ஏதாவது பேசினது, சிரிச்சது."

"இருமல் மட்டும் இருந்தா ஒதுக்கிடுங்க. மத்ததெல்லாம் எனக்கு வேணும். மெஷினுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. அவங்க பேசினது, அவங்க என்ன பேசினாங்கன்னு ஒரு எழுத்து. ரெண்டும் பொருந்தணும். பேச்சைத் திருத்த முடியாது. எழுத்தைத் திருத்தலாமே."

இத்தனை நாளும் அந்த ஐந்து ஃபோல்டரையும் கண்கொண்டு பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எங்கள் அலுவலகம். மாமா, பெண்கள் இருவர், நான். சனிக்கிழமை மேற்கோள் சாரும் கூப்பிடாமலே வந்துவிட்டார். ஆளுக்கு ஒரு ஹெட்போன். ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், என்ன சொல்கிறாள் என்று அட்சரம் பிசகாமல் எழுத வேண்டும், பேர் போட வேண்டும். நல்ல பதிவுகள் எல்லாம் பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தன. தப்புதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

"இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு... ஏங்க, வாஷிங் மெஷின் கத்துது, காதுல விழலையா?"

"நாளைக்கு மழை வரலாம்னு... யாரு இந்த வாக்கியத்தை எழுதினது, வந்தா வரட்டும், போங்க."

பெரியவள் ஒன்றைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். "சித்தி, இதுல அம்மா ஒண்ணுமே பேசல. சிரிக்கிறாங்க. பதினாலு செகண்ட். இதை எப்படி எழுதுறது?"

மேற்கோள் சார் தன் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "'சிரிப்பு'ன்னு எழுதி மேற்கோளுக்குள்ள போடும்மா" என்றார். அவர் நகைச்சுவையாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஃபைல்களுக்குப் பேர் போடும்போது அவர் எங்களிடம் ஒன்றும் திருத்தவில்லை. சின்னவள், 'அம்மா என்னை எழுப்பும் போது' என்று மூன்று இடைவெளி விட்டு ஒரு பேர் வைத்தாள். நான் அவரைப் பார்த்தேன். "இருக்கட்டும் மேடம். பிள்ளைங்க அப்படித்தான் பேர் வைக்கும். அதைப் பார்த்துக்க வேண்டியது நம்ம வேலை" என்றார்.

எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூற்று நாற்பது தேறியது. அந்தத் திங்கட்கிழமையே மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டுப் பயிற்சியாளருக்கு அனுப்பினோம். அலுவலகத்தில் அந்தப் பச்சை மை விதி வருவதற்கு முன் நான் எழுதிய ஸ்கிரிப்டுகளை எல்லாம் உட்கார்ந்து ஒரு தடவை படித்தேன். பதினோரு இடத்தில் அதே ஓட்டை இருந்தது. நானே பச்சைப் பேனா வாங்கி வட்டம் போட்டு, சரி செய்து அவர் மேசையில் வைத்தேன். மாலையில் தாள் திரும்பி வந்தது. பன்னிரண்டாவதாக ஒரு வட்டம் இருந்தது.

இரண்டரை மாதம் கழித்துக் குரல் வந்தது. அக்கா போனில் எழுதினாள், போன் பேசியது. வாக்கிய முடிவில் கொஞ்சம் இழுக்கும். சில பேர்களை மென்று முழுங்கும். ஆனாலும் அவள்தான். பயிற்சியாளர் வேறு பலருடைய குரல்களையும் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். எல்லோரும் செய்தி வாசிப்பதுபோலப் பேசினார்கள். அக்காவின் குரலில் மட்டும் ஒரு குறும்பு இருந்தது. "இது எங்கிருந்து வந்துதுன்னு எனக்கே தெரியல" என்றார் அவர். எனக்குத் தெரியும். அதைக் காப்பாற்றியது என் கெட்டிக்காரத்தனம் இல்லை என்பதும் தெரியும். அன்று ஸ்கிரிப்ட் நான் நினைத்தபடியே ஓடியிருந்தால் அந்த நானூறும் போயிருக்கும். ஒருத்தர் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆறாவது மாதம் டாக்டர் சரி என்றதும் அக்கா மறுபடி வண்டியில் ஏறினாள். அவசரத்துக்குப் போன் திரையில் நான்கு பெரிய பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் 'பிரேக்', இன்னொன்றைத் தொட்டால் 'நிறுத்துங்க'. மற்றதையெல்லாம் நிற்கும்போது எழுதிக்கொள்வாள். முதல் ஆளாக அவள் கூப்பிட்டது மேற்கோள் சாரை. நாற்பத்து நான்கு வயதாகியும் அவருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. வேண்டாம், எனக்குப் பயம் என்று எவ்வளவோ நழுவிப் பார்த்தார். அக்கா கேட்கிற ஆளா? கிழமையையும் நேரத்தையும் மட்டும் எழுதி அனுப்பினாள்.

நான் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான தெரு. ஆனாலும் சிக்னலில் பச்சை விழுந்தபோது வண்டி உதறி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. பின்னால் ஒரு வேன் வந்து ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. அவர் காது மடல் சிவந்துபோனது.

அக்கா அவசரப்படாமல் எழுதினாள். முன்னால் மாட்டியிருந்த போன் பேசியது.

"அவருக்கு அவசரம் சார், நமக்கு இல்லை. கிளட்சை முழுசா மிதிங்க. மிதிச்சாச்சா? இப்ப சாவியைத் திருப்புங்க."

அவர் கை சாவியிலேயே நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"மேடம், இது நாம கேட்டு எழுதினதுல இல்லையே."

"இல்லை சார். இது இப்பதான் பேசினது."

அவர் தலையாட்டினார். மூக்குக் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துப் போட்டுக்கொண்டு கிளட்சை முழுசாக மிதித்தார். இந்தத் தடவை வண்டி நகர்ந்தது.